எலும்பு உடையாத கைக்கு மாவுக்கட்டு

என் மகளுக்குப் பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி). வலது முழங்கை மடங்கி இறுகியே இருக்கும். போட்டாக்ஸ் ஊசி போட்டு, தசை தளர்ந்திருக்கும் சமயத்தில் வாராவாரம் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம் என்றார் டாக்டர். ஊசி சிக்கலில்லாமல் முடிந்தது. எங்களைப் படுத்தி எடுத்தது கட்டுதான்.

ஊசியின் வேகம் மூன்று, நான்கு மாதத்தில் அடங்கிவிடும். போட்ட இரண்டு வாரத்தில் கட்டை ஆரம்பித்துவிட வேண்டும் என்று நாங்கள் பறக்கிறோம், ஓபி கவுன்டரில் இருந்தவரோ, "பாப்பா எங்கம்மா விழுந்தா? எக்ஸ்ரே எங்க?" என்கிறார். விழவில்லை, எலும்பும் உடையவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு மாவுக்கட்டு?" எக்ஸ்ரே இல்லாமல் சீட்டு கிடையாதாம். அன்றைக்கு லீவு போட்டு வந்ததெல்லாம் வீண். மறுமுறை, "எலும்பு முறிவு இல்லை, தசை இறுக்கத்துக்குத் தொடர் கட்டு" என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, சீல் வைத்துக் கொண்டுபோனேன். வாயே திறக்காமல் சீட்டு கொடுத்தார். நீங்கள் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கட்டுப் போடும் அறையில் அடுத்த கூத்து. எப்போதும் கூட இருக்கும், கைப்பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி மேடம் அன்று லீவு. கட்டுப் போடும் அண்ணன் பஞ்சைச் சுற்றிவிட்டுக் குழந்தையின் கையை 90 டிகிரிக்கு மடக்கினார். எலும்பு முறிவுக்கு அப்படித்தான் போடுவார்கள், அவர் கை அதற்கே பழகியது. "அண்ணா, நீட்டத்தானே வந்திருக்கோம்" என்றேன். "முழங்கைன்னா மடக்கித்தாம்மா கட்டணும்" என்று மாவுக்குப் பதிலாகச் சுற்றும் ஃபைபர் ரோலை நனைக்கப் போனார். நனைத்துவிட்டால் சில நிமிஷத்தில் இறுகிவிடும். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். அவர் போனிலேயே சொல்லச் சொல்ல, கை எவ்வளவு நீளுமோ அதற்குச் சற்று முன்னால் நிறுத்தி அண்ணன் கட்டினார். முழு மூச்சாக இழுத்துக் கட்டினால் வலியும் புண்ணும்தான் மிச்சமாம்.

வீட்டில் பார்க்க வேண்டியது விரல் நுனி. நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, சில்லிட்டாலோ, சமாதானம் ஆகாமல் அழுதாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டு முடியும்வரை மருதாணி, நெயில் பாலிஷ் இரண்டும் வேண்டாம், நிறம் தெரியாது. அரிக்கிறது என்று அழுதால் பாட்டிமார் சீப்புக் காம்பை உள்ளே விடுவார்கள், அதையும் தடுக்க வேண்டும்.

கட்டு வெட்டும் மெஷினின் சத்தத்துக்கே மகள் அலறினாள். அதன் தகடு சுழலாது, அதிரத்தான் செய்யும். அந்த அண்ணன் தன் உள்ளங்கையில் லேசாக வைத்துக் காட்டியபின் கொஞ்சம் அடங்கினாள். மடக்கிக் கட்டப் பார்த்தவர் மேல் இருந்த கோபம் எனக்கும் அங்கேதான் போனது.

பில்லையும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். எங்களுக்கு "எலும்பு முறிவுக் கட்டு" என்று அடித்திருந்தார்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவ இன்சூரன்ஸில் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை உண்டு. இந்தப் பில்லை வைத்து எதைக் கேட்பது? கம்ப்யூட்டரில் வேறு பெயரே இல்லை என்று இழுத்தடித்தார்கள். டாக்டரின் கடிதத்தைக் காட்டி, பேனாவால் திருத்திக் கையெழுத்து வாங்கும்வரை நான் நகரவில்லை.

கையில் தொடர் கட்டு எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஆய்வுகள் குறைவு, கணுக்காலுக்குத்தான் அதிகம் செய்கிறார்கள் என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். எங்களுக்குக் கை நன்றாகவே நீண்டிருக்கிறது. ஆனால் ராத்திரியில் கையை நீட்டியபடி பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட்டும் பயிற்சியும் விட்டுப்போனால் பழையபடி இறுகிவிடும்.

அதனால் கடைசிக் கட்டைக் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். வெட்டுவதற்கு முன்பே, இரு பக்கமும் நேராக வெட்டி இரண்டு பாதியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓரத்துக்கு டேப் ஒட்டி, வெல்க்ரோ பட்டி வைத்தால் அதுவே ராத்திரி ஸ்பிளின்ட். எங்களுக்குத் தனியாக ஒன்று செய்யும் செலவு மிச்சம்.