‘டாங்கெ’ சொல்லிப் பட்டினி கிடந்த கதை

ஜெர்மனியில் முதல் நாள் இரவே பசியோடு படுத்தேன். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. மேசை நிறைய ரொட்டி, நாலைந்து வகை சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி. அங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு இப்படித்தான், அடுப்பு பற்றவைக்காமல். ‘ஆபென்ட்ப்ரோட்’ என்பார்கள், மாலை ரொட்டி. வீட்டம்மா ரொட்டிக் கூடையை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டார். நான் மரியாதையாக “டாங்கெ” என்றேன். கூடை திரும்பிப் போய்விட்டது. சீஸ் தட்டு வந்தது. “டாங்கெ.” அதுவும் போய்விட்டது.

டாங்கெ என்றால் நன்றி. முதல் பாடத்திலேயே படித்ததுதான். ஆனால் யாராவது ஒன்றை நீட்டும்போது வெறும் டாங்கெ என்று சொன்னால் ‘போதும், வேண்டாம்’ என்று பொருள். வேண்டுமென்றால் ‘யா, பிட்டெ’ என்று சொல்ல வேண்டும். இதை வகுப்பில் சொல்லித்தந்தார்களா, சொன்ன அன்று நான் தூங்கினேனா, தெரியாது. பையிலிருந்த முறுக்கை இருட்டில் சத்தம் வராமல் கடிக்க முயன்றேன். முறுக்கை அப்படிக் கடிக்க முடியாது.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சென்னையில் எங்கள் பள்ளியில் ஜெர்மன் படித்தவர்களில் பன்னிரண்டு பேர், இரண்டு டீச்சர்கள், பதினைந்து நாள். ஊர் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபுர்க். மே மாதம் நாங்கள் போய் அங்குள்ள ஒரு பள்ளி மாணவர்களின் வீட்டில் தங்க வேண்டும், அக்டோபரில் அவர்கள் வந்து நம் வீட்டில் தங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. எனக்கு என் வயதுப் பையன் ஒருவன்.

விசா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அப்பா அம்மா இருவரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அந்தப் பள்ளியின் அழைப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களிடம் 90 யூரோ வாங்குகிறார்கள். படிப்புக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான். எங்கள் வீட்டில் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அப்பா சம்மதக் கடிதத்தில் அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது ஆங்கிலக் கையெழுத்து. டீச்சர் கண்ணில் பட்டதால் பிழைத்தோம். மறுபடி நோட்டரி, மறுபடி முத்திரை.

அம்மா பால்கோவா கட்டித் தருவதாக இருந்தார். வெளியிலிருந்து வருகிறவர்கள் பாலில் செய்ததையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகக் கூடாது என்று டீச்சர் தடுத்தார். முறுக்கு பெட்டிக்குள் வந்தது அப்படித்தான்.

ஃப்ராங்ஃபுர்ட் விமான நிலையத்திலேயே ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ஃப்ரைபுர்க். ஸ்டேஷனில் ஜோடியின் அப்பாவும் அம்மாவும் கை கொடுத்துத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். எங்களை ‘டு’ என்றே கூப்பிடு என்றும் சொன்னார்கள். டு என்றால் நீ. அன்னியப் பெரியவர்களுக்கு ‘ஸீ’, அதாவது நீங்கள். நாற்பத்தைந்து வயது அம்மாவைப் பெயர் சொல்லி, நீ போட்டுக் கூப்பிட என் நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஸீ என்று சொன்னால் அவர் முகம் சற்று வாடியது. வீட்டுக்குள் ஸீ போட்டால் விலக்கி வைப்பது போல.

மூன்று நாள் யாரையும் எதுவும் சொல்லி அழைக்காமல் ஓட்டினேன். “உப்பு எங்கே இருக்கிறது?” “ஜன்னலைத் திறக்கலாமா?” அப்புறம் ஒரு வழி கிடைத்தது. பலரை ஒன்றாக ‘நீங்கள்’ என்று சொல்ல ஜெர்மனில் ‘ஈயர்’ என்று ஒரு சொல் உண்டு. இருவரும் சேர்ந்து இருக்கும் நேரம் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் ஈயர் போட்டுக் கேட்டேன். இலக்கணமும் சரி, என் மனசுக்கும் சரி. ஒரு நாள் அம்மா மட்டும் தனியாக இருக்கும்போது வாய் தவறி ஈயர் வந்துவிட்டது. அவர் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

இன்னொரு சிக்கல் ‘ஆமாம்’. “பசி இல்லையா?” என்று கேட்டால், பசி இல்லாதபோது நாம் “ஆமாம், இல்லை” என்போம். அதையே “யா” என்று சொல்லிப் பார்த்தேன். குழப்பம்தான் மிச்சம். அங்கே பசி இல்லையென்றால் “நைன்”. பசி இருக்கிறதென்றால் யாவும் இல்லை, நைனும் இல்லை, “டோஹ்”. இல்லையா என்று கேட்பவரை மறுத்து ‘இருக்கே!’ என்று சொல்ல ஒற்றைச் சொல். எனக்கு அந்த மொழியிலேயே மிகவும் பிடித்த சொல் அதுதான்.

உண்மையான தடை ஆங்கிலம். என் ஜோடி என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசினான். நான் ஜெர்மனில் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினால் உடனே தாவிவிடுவான். உதவிதான் செய்தான், ஆனால் அப்படியே விட்டிருந்தால் பதினைந்து நாளும் ஆங்கிலத்திலேயே போயிருக்கும். காப்பாற்றியது அவன் தங்கை, ஏழு வயது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தினமும் சாப்பிட்டதும் ‘மென்ஷ் எர்கெரெ டிஹ் நிஹ்ட்’ விளையாடக் கூப்பிடுவாள். ‘மனுஷா, கோபப்படாதே’ என்று பொருள். விரித்துப் பார்த்தால் நம் லூடோ! நம் நாட்டுப் பச்சீசி அங்கே போய் இந்தப் பெயர் வாங்கியிருக்கிறது. காயை வெட்டிவிட்டு பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப முன்னால் போடும் ‘டெர், டீ, டாஸ்’ஸில் நான் செய்யும் தப்பையும் சேர்த்துத் திருத்துவாள், இரக்கமே இல்லாமல். போகப்போகிறவர்களுக்கு ஒரே யோசனை: வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம். பழைய நகரத் தெருக்களில் ஓரமாகக் கல் வாய்க்கால் ஓடுகிறது, ‘பெஹ்லெ’ என்று பெயர். தவறிக் கால் வைத்தால் அந்த ஊர்க்காரரைத்தான் கல்யாணம் செய்வீர்கள் என்று சொல்கிறார்கள். 116 மீட்டர் உயர தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்து நான் இரண்டு முறை கால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அதிலேயே ஐஸ்கிரீம் காசு தேற்றினான்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ரொட்டிக் கூடை வந்தது. “யா, பிட்டெ” என்றேன். “இன்னுமா பசிக்கிறது?” என்று என் ஜோடி சிரித்தான்.

அக்டோபரில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் முதலில் சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல் ‘போதும்’. இலைமேல் கையை வைத்துச் சரியாகத்தான் சொன்னான். பாட்டி அந்தக் கையின் பக்கத்திலேயே இன்னொரு இட்லியை வைத்தார்.