ஜனவரி 7-க்கு லீவு

டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதல் தீபாவளிக்கு லீவு கேட்டபோது மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னார்: "வெக்கேஷன்னு போட்டுக்கோ, காரணமெல்லாம் எழுத வேண்டாம்." போட்டுக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு யாரும் எதையும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

டூல் ரூமில் இருந்த பெரியவர் ஒருவர் என் லீவுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். கிரேக்க வம்சாவளி. "ஃபோர்டில் இதற்கு வேலையே போச்சு, தெரியுமா?" என்றார். பிறகு நானே தேடிப் படித்தேன்.

1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார்; ஊரே வியந்தது. அதே மாதம் ஹைலண்ட் பார்க் ஆலையில் 800-க்கும் மேற்பட்ட கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்களை நீக்கினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட வேலைக்கு வராமல் இருந்துவிட்டார்களாம்! பழைய நாட்காட்டிப்படி அவர்களுக்கு அது ஜனவரி 7. அமெரிக்காவில் குடியிருக்கிறவன் அமெரிக்க விடுமுறையைத்தான் அனுசரிக்க வேண்டும் என்றது கம்பெனி. அதே சாமி, அதே பண்டிகை, பதின்மூன்று நாள் தள்ளி. அதற்கே இந்தப் பாடு.

அந்த 5 டாலரும் சும்மா வரவில்லை. ஏறக்குறைய பாதி, லாபத்தில் பங்கு என்ற பெயரில். அதைப் பெற, கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று பார்ப்பார்கள். கம்பெனியே நடத்திய ஆங்கிலப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் மேடைமேல் ஒரு பிரம்மாண்ட அண்டா. சொந்த நாட்டு உடையில் கப்பலிலிருந்து இறங்கி அதற்குள் போக வேண்டும். ஆசிரியர்கள் நீளக் கரண்டியால் கிளறுவார்கள். கோட்டு சூட்டும் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வர வேண்டும். நாடகம் என்றாலும், சம்பளத்துக்காக உள்ளே இறங்கியவன் என்ன நினைத்திருப்பான்?

1915-இல் ஹொரேஸ் கேலன் என்ற தத்துவ அறிஞர் எல்லாரையும் ஒரே மாதிரி உருக்கிவிடும் இந்த அண்டா யோசனையை மறுத்து, நாடு பல வாத்தியங்கள் சேர்ந்த இசைக்குழுவாக இருக்கட்டும் என்று எழுதினார். கேட்க இனிமைதான். ஷிப்ட் அட்டவணை போடுகிறவனுக்கு அது உதவாது.

எப்படித் தெரியும் என்றால், பிற்பாடு அட்டவணை போட்டது நான். 2023 ஏப்ரலில் ஏமனிலிருந்து வந்த சக ஊழியர் ரம்ஜானுக்கு லீவு கேட்டார். வெள்ளியா சனியா என்றேன். பிறை தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்றார். ஆள் பற்றாக்குறை, டெலிவரி நெருக்கடி. "ரெண்டு நாளும் வெக்கேஷன்னு போட்டுக்கோங்க" என்று என் வாயிலிருந்தே வந்தது. கரண்டி என் கையில்.

மதக் கடமைக்கு முதலாளி இடம் கொடுக்க வேண்டும் என்பது 1972 முதல் சட்டத்தில் இருக்கிறது. அற்பச் செலவு வந்தாலே மறுக்கலாம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் அதை நீர்க்கச் செய்தது. 2023 ஜூனில், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், கணிசமான சுமை என்று காட்டினால்தான் மறுக்கலாம் என நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். கிறிஸ்தவர் போட்ட வழக்கு. பலன் பிறை பார்க்கிறவருக்கும்தான்.

மறுவருட அட்டவணையில் செவ்வாய், புதன் இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "உங்கள் தீபாவளி எப்போது?" என்றார். போனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.