கும்பகோணத்தில் நண்பர் வீடு, நாலு கோயில், ஒரு முழு நாள்

சென்னையிலிருந்து காரில் தெற்கே போகிறவர்களுக்குக் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீடு இருப்பது பெரும் பேறு. அங்கே தங்கும் ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் முடித்துவிடப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நாள் முழுக்கச் சாலையிலேயே கழியும். ஒரு சந்நிதியிலும் மனம் நிற்காது, நண்பரோடு உட்கார்ந்து பேசவும் முடியாது. ஊருக்கு மேற்கே, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தாராசுரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை, பட்டீஸ்வரம் போதும். காரை நண்பர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு அவர் ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ கிளம்புங்கள். கார்த்திகை நாள் என்றால் சுவாமிமலைத் தெருக்களில் காரைத் திருப்பவே இடம் கிடைக்காது.

தாராசுரத்துக்கு ஏழு மணிக்குப் போய்விட வேண்டும். பத்துக்கு மேல் கல் தரை காலைச் சுடும். சுட்டால் நின்று பார்க்கத் தோன்றாது. வருகிறவர்கள் தேர்ச்சக்கரத்தோடு கூடிய ராஜகம்பீரன் மண்டபத்தில் படமெடுத்து, ஐராவதேஸ்வரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கோயிலின் உயிர் கருவறை வெளிச்சுவரின் அடிப்பகுதியில் இருக்கிறது. நாயன்மார் வரலாறுகள் அங்கே சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக வருகின்றன. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். இந்தக் கோயிலைக் கட்டியது அவன் மகன் இரண்டாம் ராஜராஜன். பாட்டு பிறந்த சூட்டிலேயே கல்லில் ஏறியிருக்கிறது! வலமாக வந்து, குனிந்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். அவிநாசியில் அது நடந்தபோது சுந்தரர் தம் நண்பர் சேரமான் பெருமாளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார். இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

திருவலஞ்சுழி வெள்ளைப் பிள்ளையார் பாற்கடல் நுரையால் ஆனவர் என்பது ஐதீகம். அபிஷேகம் கிடையாது, பச்சைக் கற்பூரப் பொடியைத்தான் கை படாமல் தூவுவார்கள். ஏற்றுகிற சூடத்தை வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கற்பூரம் என்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவாமிமலை கட்டுமலை. அறுபது படிகளுக்கும் பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர். அவரவர் பிறந்த ஆண்டின் படியில் நின்று கும்பிட விரும்பினால் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொள்வது நல்லது. 1927 சித்திரையில் தொடங்கியது பிரபவ. அடுத்த பிரபவ 1987. 1980 சித்திரைக்குப் பின் பிறந்தவருக்கு 54ஆம் படி, ரௌத்திரி. அதே 1980இல் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்திருந்தால் முந்தைய ஆண்டான சித்தார்த்தி. பலரும் இங்கேதான் ஒரு படி தவறுகிறார்கள். மேலே முருகனுக்கு எதிரே மயிலுக்குப் பதிலாக யானை நிற்பதையும் கவனியுங்கள். கீழே உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. காவிரி வண்டல் மண்ணை மெழுகு உருவின் மேல் அப்பி அச்சு எடுப்பதைக் காலையில் பார்க்கலாம், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல்.

நண்பகலில் நடை சாத்தினால் பொதுவாக நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் மரத்தடி தேடி அலையும் நேரம் அது. உங்களுக்கோ நண்பர் வீட்டில் இலைச் சாப்பாடு, கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, கூடத்தில் ஒரு தூக்கம். அந்த நாலு மணி நேரத்தில் வேறெதையும் திணிக்காதீர்கள். காலை இட்லிக்குக் கடப்பா வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய் கசகசா அரைத்துவிட நேரம் பிடிக்கும்.

மாலை ஐந்துக்குப் பட்டீஸ்வரம். முத்துப்பந்தல் நிழலில் வந்த சம்பந்தரைக் காண இறைவனே விலகச் சொன்னதால் இங்கே நந்தி நேர்க்கோட்டில் இராது. துர்க்கை சந்நிதியில் நிதானமாக நிற்க வேண்டுமென்றால் செவ்வாய் மூன்று முதல் நாலரை, ஞாயிறு நாலரை முதல் ஆறு ஆகிய ராகு காலங்களைத் தவிர்த்து வாருங்கள். அந்த நேரத்தில்தான் விளக்கேற்ற வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் அரை மணி முன்னதாகவே வந்துவிட வேண்டும். பக்கத்திலேயே திருச்சத்திமுற்றம், அம்பாள் லிங்கத்தைத் தழுவி நிற்கும் கோலம். கூட்டமே இருக்காது. எட்டு மணிக்குள் வீடு திரும்பி, டவரா டம்ளரில் காபியோடு திண்ணையில் உட்காரலாம்.