எலியின் பரம்பரையலகை நீக்கிய பிறகு

ஐப்பசி மழையோடு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நுளம்பு பெருகும்போது மாணவர்கள் கேட்கிற நல்ல கேள்வி: சாதாரண ஆய்வுகூட எலிக்கு ஏன் டெங்கு வருவதில்லை? மனிதக் கலத்துள் டெங்கு வைரசின் என்எஸ்5 புரதம் ஸ்டாட்2 புரதத்தை அழித்து, வைரசை எதிர்க்கும்படி கலங்களுக்குச் சொல்லும் இன்டர்பெரோன் புரதத்தின் கட்டளை கலத்தின் கருவுக்குப் போகாமல் தடுக்கிறது. எலியின் ஸ்டாட்2 அதற்கு வசப்படாது. வைரசு விரைவில் அடங்கிவிடும்.

அதனால்தான் பரம்பரையலகு நீக்கிய ஏஜி129 எலி தேவைப்படுகிறது. முதலாம், இரண்டாம் வகை இன்டர்பெரோன்களின் வாங்கிகள் அதற்கு இல்லை. டெங்கு அதனுள் நன்றாகப் பெருகும். ஆனால் இன்டர்பெரோனைத் தூண்டி வேலை செய்யும் மருந்தை இந்த எலியில் சோதித்தால், மருந்து நல்லதாயிருந்தும் தோற்றதாகவே தெரியும். அறிக்கை வாசிக்கும்போது முதலில் எலியின் பெயரைப் பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எந்தப் பரம்பரையலகை நீக்கினால் எந்த வைரசு மிஞ்சும் என்பதும் வேறுபடும். கலத்துள் வைரசின் ஆர்என்ஏயை உணரும் எம்டிஏ5 புரதம் இல்லாத எலி, மூளையையும் இதயத்தசையையும் தாக்கும் இஎம்சிவி வைரசுக்குத் தாங்காது. இன்புளுவென்சாவுக்கு முக்கியமான உணரி ரிக்-ஐ. இரண்டு உணரிகளின் சமிக்ஞைகளும் மாவ்ஸ் என்ற புரதத்தில் சேர்கின்றன. மாவ்ஸை நீக்கினாலும் டிஎல்ஆர்7 என்ற வேறோர் உணரியின் வழி திறந்தே இருப்பதால் இன்டர்பெரோன் முற்றாக அற்றுப்போகாது.

அதிகம் ஏமாற்றுவது எலியின் பின்னணி, அதாவது நீக்கிய பரம்பரையலகு தவிர்ந்த மற்றப் பரம்பரையலகுகள். பிஎல்6, பால்ப்-சி எனும் ஆய்வுகூட இன எலிகளில், இன்புளுவென்சாவைத் தடுக்கும் எம்எக்ஸ்1 பரம்பரையலகு பழுதானது. ஏ2ஜி இன எலியில் அது வேலை செய்கிறது. அந்த எலி இன்புளுவென்சாவை எதிர்ப்பதை 1962இல் ஆய்வாளர் லின்டன்மான் காட்டினார். ஆகவே 129 என்ற இனத்தின் பின்னணி கொண்ட நீக்க எலிக்கு பிஎல்6 எலியை ஒப்பாக வைத்தால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. கலப்பின எலிகளை, அதாவது பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீங்கியவற்றை, இணைத்து, ஒரே ஈற்றுக் குட்டிகளையே ஒப்பிட வேண்டும். நாலில் ஒன்றே முழு நீக்கமாக வரும். செலவுதான், வேறு வழியில்லை. ஒரே கூட்டில் வளர்ந்தால் குடல் நுண்ணுயிர்களின் வேறுபாடும் குறையும்.

குட்டியை இனங்காண 2 மில்லிமீற்றர் வால்நுனி போதும். 25 மில்லிமோலர் சோடியம் ஐதரொட்சைட்டும் 0.2 மில்லிமோலர் ஈடிடிஏயும் கலந்த கரைசல் 75 மைக்ரோலீற்றரில் இட்டு, 95 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு 40 மில்லிமோலர் டிரிஸ் கரைசலை அதே அளவு சேர்க்க வேண்டும். கிடைக்கும் இந்த டிஎன்ஏ கரைசலை, டிஎன்ஏத் துண்டைப் பெருக்கும் பிசிஆரில் அளவுக்கு மிஞ்சி ஊற்றினால், ஜெல்லில் தெரியும் பட்டிகளில் நீண்ட துண்டின் பட்டி மங்கும். அந்தப் பட்டி இயல்பு வடிவத்தினுடையதாயின், கலப்பின எலி முழு நீக்கமாகப் பதிவாகிவிடும். இயல்பு, கலப்பினம், முழு நீக்கம் என்ற மூன்று வகை மாதிரிகளும் வெறும் நீரும் ஒவ்வொரு தடவையும் கூடவே ஓட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பிசிஆரைக் கழித்துவிட்டு, மீந்த டிஎன்ஏயில் புதிதாகத் தொடங்குங்கள்.