137 மில்லி தண்ணீர் பிடிக்கும் தீயணைப்பு லாரி

நாலு மாதத்துக்கு முன் ஒரு கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தை 1:32 அளவில், அதாவது நிஜத்தில் 32-ல் ஒரு பங்காக, மாடல் செய்ய உட்கார்ந்தபோது, கண்ணெல்லாம் சிவப்பு பம்ப் வண்டி மேல்தான் இருந்தது. ஏணி, சுழல் விளக்கு, வரிசையாக அழுத்தமானிகள். ஆறு வாரத்தில் அதை முடித்தும்விட்டேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பாகங்களோடு பெட்டியில் வரும் கிட்தான், நல்ல கிட், காகிதத்தில் போட்டிருந்தபடி ஒட்டினேன், ஒட்டிக்கொண்டது. மீதி நாட்களை எல்லாம் தின்றது தண்ணீர் லாரி.

நகரத்தில் ஹைட்ரன்ட் என்ற தெருவோரத் தீயணைப்புக் குழாய் இருக்கும், ஹோஸை மாட்டித் திருகினால் போதும். ஊர் தாண்டி வயல் பக்கம் போனால் அது கிடையாது, தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். அதனால் பம்ப் வண்டி இல்லாமல்கூட ஒரு சின்ன நிலையம் சமாளித்துவிடும், தண்ணீர் லாரி இல்லாமல் முடியாது. இது எனக்கு உறைக்க ஆறு வாரம் ஆனது.

லாரிக்குத் தனிக் கிட் கிடைக்கவில்லை. அலமாரியில் கிடந்த பெட்ரோல் டேங்கர் கிட்டை மாற்றலாம் என்று எடுத்தேன். நிஜத்திலும் பல சின்ன நிலையங்கள் இப்படித்தான் செய்திருக்கின்றன: பழைய பெட்ரோல் லாரி, பால் லாரி, ராணுவம் கழித்துவிட்ட லாரி, எது கிடைத்தாலும் சிவப்பு அடித்துவிடுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோதான், தண்ணீர் முழுசாக ஒரு கிலோ. 6,000 லிட்டர் பெட்ரோலுக்குச் செய்த டேங்கில் அதே அளவு தண்ணீரை நிரப்பினால் ஒன்றரை டன் கூடிவிடும். ஸ்பிரிங், பிரேக், டயர் எதுவும் அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. அதனால் என் லாரியின் கதவில் 4,500 லிட்டர் என்றுதான் எழுதினேன். பார்ப்பவர் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் 6,000 என்று எழுத மனசு ஒப்பவில்லை.

அப்புறம் ஒரு ஆசை வந்தது. அளவுப்படி இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 32 மடங்கு சுருங்குவதால் கொள்ளளவு 32,768 மடங்கு சுருங்கும். 4,500 லிட்டர் 137 மில்லி ஆகிறது. சரி, ஊற்றிப் பார்த்துவிடுவோம்.

முதல் தடவை அடித் தையலில் கசிந்து, அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்த மட்கார்டு பாழானது. மறுபடி உப்புத்தாள், மறுபடி அடிப்பூச்சு. இரண்டாம் தடவை கசியவில்லை. பாதி நிரப்பி மேஜையில் தள்ளிவிட்டுச் சட்டென்று பிடித்தால், லாரி நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியை ஒரு விரற்கடை உந்தியது. குறைகுடம் கூத்தாடும் என்பது லாரிக்கும்தான். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டியே புரளலாம். அதற்காகத்தான் டேங்குக்குள் குறுக்கும் நெடுக்கும் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். நானும் பிளாஸ்டிக் அட்டையில் மூன்று வெட்டி ஒட்டினேன். ஓட்டை போட மறந்துவிட்டேன்! ஊற்றிய தண்ணீர் முன் அறையிலேயே நின்றது. பிய்த்தெடுத்து, தண்ணீர் ஓட அடியில் ஒரு ஓட்டையும் காற்று போக மேலே ஒரு வெட்டும் போட்டு மறுபடி ஒட்டினேன். இப்போது தள்ளினால் மெல்லக் குலுங்கி அடங்கிவிடுகிறது.

ஹோஸில் இன்னொரு தப்பு. நிஜ ஹோஸ் 63 மி.மீ. விட்டம், 32ஆல் வகுத்தால் 2 மி.மீ., எனவே 2 மி.மீ. பருத்திக் கயிற்றை மடித்து அடுக்கினேன். பார்க்க வண்டியில் கொடிக்கயிறு ஏற்றியதுபோல் இருந்தது. தண்ணீர் இல்லாத ஹோஸ் உருண்டையாக இருக்காது, தட்டையாகக் கிடக்கும் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தோன்றியது. சுற்றளவில் பாதி, அதாவது கிட்டத்தட்ட 99 மி.மீ. அகலம், அளவுப்படி 3 மி.மீ. நாடா. வெள்ளைப் பருத்தி நாடாவைக் கொஞ்சம் அழுக்காக்கி அடுக்கியதும் வண்டிக்கே உயிர் வந்தது.

உறிஞ்சு குழாய் வேறு ஜாதி. குளத்திலிருந்து இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று அமுக்கும், அதனால் கம்பிச்சுருள் வைத்த விறைப்பான குழாய்தான் தாங்கும். நான் மெல்லிய கம்பியைச் சுருட்டி, சூடுபட்டால் சுருங்கும் குழாயை மேலே போட்டுச் சூடுகாட்டினேன். வரிவரியாக அச்சு அசல் வந்துவிட்டது.

ஒரு சின்ன மோட்டார் பம்பும் இருந்ததால் நிஜமாகவே உறிஞ்சவைக்கப் பார்த்தேன். பம்ப் இழுக்கிறது என்கிறோம், உண்மையில் காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் வந்தாலே பெரிது. ஏழு மீட்டர் எனக்கு 22 செ.மீ. கிண்ணத்தைக் கீழே வைத்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் ரீங்காரமிட்டதே தவிர ஒரு சொட்டு ஏறவில்லை. சுழல் விசைப் பம்புக்குள் காற்று இருந்தால் அது வெறுமனே சுற்றும், முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். நிஜ வண்டியில் அதற்கென்றே ஒரு பிரைமர் பம்ப் உண்டு. என்னிடம் ஊசி போடும் சிரிஞ்ச். இழுத்தேன், தண்ணீர் பாதி ஏறி இறங்கியது. இணைப்பில் மயிரிழை இடைவெளியில் காற்று புகுந்திருக்கிறது. கிரீஸ் தடவினேன். நாலாவது இழுப்பில் நாசிலிலிருந்து பீய்ச்சி என் கண்ணாடியில் அடித்தது. இதைவிட மகிழ்ச்சியாக நான் நனைந்ததில்லை.

போன வாரம் மடிப்புத் தொட்டி. நிமிடத்துக்கு 500 லிட்டர் அடித்தால் 4,500 லிட்டர் ஒன்பதே நிமிடம். அதனால் தீ எரியும் இடத்தில் தார்ப்பாய்த் தொட்டி ஒன்றை விரித்து, லாரி கொண்டுவந்ததை அதில் கொட்டிவிட்டு மறுநடைக்கு ஓடும், பம்ப் வண்டி தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூன்று மீட்டர் சதுரம், முக்கால் மீட்டர் உயரம். பித்தளைக் கம்பியில் சட்டம், கிழிந்த குடைத்துணியில் பை. பாலித்தீனில் முதலில் செய்தது கசங்கிய பொட்டலம்போல் இருந்தது, குடைத்துணி அழகாக மடிகிறது. மடித்து லாரியின் பக்கவாட்டில் மாட்டினேன்.

மாட்டியதும் தெரிந்தது, லாரி கொட்டகைக்குள் நுழையவில்லை. வெறும் லாரி 78 மி.மீ. அகலம். தொட்டியும் பக்கக் கண்ணாடிகளும் சேர்ந்து 93. நான் விட்ட வாசல் 90. பழைய நிலையங்களில் புதிய வண்டி நுழையாமல் சுவரை இடித்த கதைகளைப் படித்துச் சிரித்தவன் நான். செங்கல் செங்கலாகக் கீறி, காரை வரைந்த சுவர் அது. அறுக்க இன்னும் கை வரவில்லை. இப்போதைக்கு லாரி வெளியேதான் நிற்கிறது.