மூன்றாம் பக்கத்தில் 'கொ' உடைந்திருக்கிறது

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் 11 வருஷம் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை, பார்த்தேன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் அங்கே சீசன் தொடங்கிவிடும். அப்புறம் வருஷக் கடைசி வரைக்கும் ராத்திரி, பகல் தெரியாது. ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிகள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். "கடைப் பேரை இன்னும் கொஞ்சம் எடுப்பாக் காட்டுங்க தம்பி", "முருகர் வேல் மேல எழுத்து ஏறுது பாருங்க" என்று திரையில் விரலை வைத்தே சொல்வார்கள். நான் அங்கேயே நகர்த்திக் காட்டுவேன். தலையசைத்தால் சரிபார்க்க ஒரு புரூஃப், புரூஃபில் கையெழுத்து விழுந்தால் அச்சடிக்கப் பிளேட். எதையும் எழுதிக் கேட்க வேண்டிய, எழுதிச் சொல்ல வேண்டிய தேவை அந்த 11 வருஷத்தில் எனக்கு வந்ததே இல்லை.

2014-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வீட்டோடு இருந்தாக வேண்டிய நிலை. கம்ப்யூட்டர் இருக்கிறது, தமிழில் பக்கம் அமைக்கத் தெரியும், ஆன்லைனில் வேலை தேடலாம் என்று உட்கார்ந்தேன்.

இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்தக் கோர்ஸ் படிச்சா ஆன்லைன்ல சம்பாதிக்கலாம்?" வீடியோ எடிட்டிங்கா, வெப் டிசைனா, டிஜிட்டல் மார்க்கெட்டிங்கா என்று பட்டியலோடு வருகிறார்கள். ஏதோ ஒரு தொழில் கையில் இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தொழிலைச் சோறாக மாற்றுவது வேறு ஒரு திறமை. முகம் தெரியாத ஒருவருக்கு, அவர் மனதில் இருக்கும் கவலையைப் புரிந்துகொண்டு, தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் சட்டென்று வாடிவிடுகிறது. "அதுக்கு இங்கிலீஷ் நல்லா வரணுமே" என்கிறார்கள். நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழியில் படித்தவன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பலர் தடுக்கி விழுந்த இடத்தில்தான் நானும் விழுந்தேன். இலக்கணத்தால் விழவில்லை.

முதல் மூன்று மாதம் நாற்பதுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிப் பழகியதுபோலவே அவற்றை எழுதியிருந்தேன். மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 11 ஆண்டு அனுபவம் உண்டு, கடின உழைப்பாளி, நேர்மையானவன், ஒரு வாய்ப்புக் கொடுத்தால் உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன். அத்தனையும் உண்மை. ஆனால் ஒவ்வொரு வரியும் என்னைப் பற்றியது. படிக்கிறவர் ஒரு வேலையை முடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறார், அவருடைய தவிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம் ஒரு வேலை கண்ணில் பட்டது. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த ஒரு சிறிய மொழிபெயர்ப்பு நிறுவனம். நீரிழிவு பற்றி எட்டுப் பக்கத் தமிழ்ப் பிரசுரம். மொழிபெயர்ப்பு தயார், பக்கம் அமைப்பதில் ஏதோ சிக்கல், தமிழ் தெரிந்த ஆள் தேவை என்று எழுதி, அரைகுறையாக அமைத்த பிடிஎஃப் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'கொடுக்கவும்' என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்திருந்தது. கூடவே புள்ளி வைத்த ஒரு வட்டம். 'செய்யவும்', 'பேசவும்' எல்லாமே அப்படித்தான். தமிழ் வாசிக்கத் தெரியாத யாருக்கும் அது பிழையாகவே தெரிந்திருக்காது.

காரணம் எனக்குத் தெரியும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்புக்குள், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போஸர் என்று ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்துக்கான வழக்கமான கம்போஸரில் தமிழை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறிவிடும். வேர்ல்டு ரெடி கம்போஸர் என்பதற்கு மாற்றினால் எழுத்துகள் தம் இடத்துக்கு வந்துவிடும். சரி, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. மதிப்பிற்குரிய ஐயா இல்லை, அனுபவம் இல்லை. மூன்றாம் பக்கம் நான்காவது வரியில் இந்த எழுத்து உடைந்திருக்கிறது, இப்படி வர வேண்டியது இப்படி வந்திருக்கிறது என்று எழுதினேன். சிவப்பு வட்டம் போட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காரணம் இது, சரிசெய்யும் இடம் இது, உங்கள் ஆளே மாற்றிப் பார்க்கலாம் என்றும் சேர்த்தேன். கடைசியில் ஒரு கேள்வி: இதை வாசிக்கப் போகிறவர்கள் எந்த நாட்டுத் தமிழர்கள்?

கடைசிக் கேள்விதான் அவர்களை உலுக்கியிருக்கிறது. டொராண்டோவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலிருந்து போனவர்கள். நாங்கள் மருத்துவமனை என்று எழுதும் இடத்தில் அவர்கள் வைத்தியசாலை என்பார்கள். நாங்கள் சர்க்கரை வியாதி என்று பேசுவதை அவர்கள் நீரிழிவு என்பார்கள். இந்தப் பிரசுரத்திலோ ஒரு பக்கத்தில் நீரிழிவு, அடுத்த பக்கத்தில் சர்க்கரை வியாதி, இரண்டும் வேறு வேறு நோய் போலக் கலந்து கிடந்தன. அந்த நிறுவனத்தில் யாருக்கும் இப்படி ஒரு வேறுபாடு இருப்பது தெரியாது. அன்று ராத்திரியே பதில் வந்தது. அந்த நிறுவனத்தோடு எட்டு வருஷம் வேலை பார்த்தேன்.

தீர்வை முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் நமக்கு எதற்கு வேலை தருவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். சிலர் எடுத்துக்கொண்டு போகத்தான் செய்வார்கள், எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தால் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டு 'என்னால் முடியும்' என்று மட்டும் எழுதினால், அதே வரியை எழுதிய ஐம்பது பேரில் ஒருவராகிவிடுவோம்.

வேலை கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்ததாக நினைத்தேன். இரண்டாவது அடி அப்போதுதான் விழுந்தது, அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

வேறொரு வாடிக்கையாளர், 24 பக்கக் கையேடு, வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். புதன்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை. முதல் நாளே பேப்பரில் வந்திருந்தது, நானும் பார்த்தேன். யுபிஎஸ் தாங்கும் என்று நினைத்தேன். பழைய பேட்டரி, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அவருக்கு உடனே ஒரு வரி எழுதியிருக்கலாம், போனில் சார்ஜ் இருந்தது. எழுதவில்லை. வெட்கம். இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வெளிநாட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, ராத்திரி முழுக்க விழித்து முடித்துவிட்டே பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த ராத்திரி முடியவில்லை. வியாழக்கிழமை அவர் இரண்டு முறை கேட்டார், அதற்கும் நான் பதில் போடவில்லை. வெள்ளி மதியம் முழு ஃபைலையும் மன்னிப்போடு அனுப்பினேன்.

வேலை நன்றாக இருக்கிறது என்றார், பணமும் கொடுத்தார். கூடவே மூன்று வரி எழுதியிருந்தார். புதன்கிழமையே சொல்லியிருந்தால் அச்சகத்தில் வேறு நாளுக்கு மாற்றிக் கேட்டிருப்பேன், அது எனக்கு ஐந்து நிமிஷ வேலை. நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். இனிமேல் என்னால் உங்களோடு வேலை செய்ய முடியாது. அவர் சொன்னது நியாயம். அச்சகத்தில் இருந்தவரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே முதலாளிக்குப் பதிலாக இருந்தது. கரண்ட் போனால் அவருக்கும் வியர்க்கும். இங்கே நான் எழுதாவிட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நான் இல்லாதவன்.

அன்றிலிருந்து தாமதமாகும் என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தாலே எழுதிவிடுகிறேன். என்ன நடந்தது என்று ஒரு வரி, எப்போது தருவேன் என்று ஒரு வரி, இப்போதே தரக்கூடியது எது என்று ஒரு வரி. 24 பக்கத்தில் 16 தயார் என்றால் அந்த 16-ஐ அனுப்பிவிடுவேன். இதற்காக இதுவரை யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை.

நேரத்தையும் தேதியையும் எழுதுவதில்கூட விஷயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிவுக்குள் என்று அவர் சொன்னால் யாருடைய வெள்ளிக்கிழமை? டொராண்டோவில் வெள்ளி மாலை 5 மணி என்பது கோடையில் நமக்குச் சனி அதிகாலை 2.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதுவே 3.30 ஆகிவிடும். 05/06 என்பது ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. நான் எப்போதும் மாதத்தை எழுத்தில்தான் எழுதுவேன், இரண்டு ஊர் மணியையும் போடுவேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே மற்றதையும் கேட்டு வாங்கிவிடுவேன். எழுத்து எங்கும் பொதுவான யூனிகோடிலா, பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவிலா? அச்சுக்கா, திரைக்கா? தமிழைச் சரிபார்க்கிறவர் உங்கள் பக்கத்தில் யார்? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், வேலை எல்லாம் முடிந்த பிறகு அவருடைய நண்பரின் மாமியார் ஒருவர் பிழை திருத்த வருவார். அந்த அம்மாள் சொல்லும் திருத்தம் பல நேரம் சரியாகவே இருக்கும், ஆனால் அது பிளேட் போட்ட பிறகு வந்தால் யாருக்குச் செலவு?

பணம் கேட்பதும் எழுத்துதான். ஒருமுறை ஒரு பில் மூன்று மாதமாக வரவில்லை. தயவுசெய்து, தயவுசெய்து என்று நாலு மெயில் போட்டேன், படிக்க எனக்கே பாவமாக இருந்தது. ஐந்தாவது மெயிலில் பில் எண், தேதி, தொகை, தர வேண்டிய நாள் நான்கையும் எழுதி, இதை உங்கள் அலுவலகத்தில் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். மறுநாளே கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் எழுதினார். புது ஆட்களுக்கான படிவம் ஒன்றை நான் நிரப்பவே இல்லை, அதனால் என் பெயரே அவர்கள் கணக்கில் ஏறவில்லை. இத்தனை நாளும் நான் கெஞ்சியது பணம் கொடுக்கும் அதிகாரமே இல்லாத ஒருவரிடம். நான்கு நாளில் பணம் வந்துவிட்டது.

ஒரே வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வது பணக் கணக்கிலும் லாபம்தான். ஆன்லைனில் வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்களும் சேர்ந்த நிறுவனம் 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறியது. அடுத்த வருஷமே கமிஷனைப் படிப்படியாக வைத்தார்கள். ஒரு வாடிக்கையாளரிடம் சம்பாதிக்கும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 10, பத்தாயிரத்தைத் தாண்டினால் 5. பிறகு அந்த முறை போய்விட்டது. ஆனாலும் புதிய ஆளைத் தேடி அலையும் நேரம் மிச்சமாவது என்றைக்கும் மாறாது.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் பிழையில்லாத ஆங்கிலத்தில் விண்ணப்பம் அனுப்பலாம், ஆகவே எழுத்துத் திறமைக்கு மதிப்புப் போய்விட்டது என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நானும் அதை வைத்து என் ஆங்கிலத்தைச் செப்பம் செய்துகொள்கிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் என் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற வருஷம் சொன்னார், ஒரு வேலைக்கு வந்த விண்ணப்பங்களில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்ததாம். இணைத்த பிடிஎஃப்-ஐத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் இரண்டில்தான் இருந்ததாம். முன்பு மோசமான ஆங்கிலத்தில் என்னைப் பற்றியே எழுதி அனுப்பினேன். இன்று பலர் அதையே நல்ல ஆங்கிலத்தில் செய்கிறார்கள். வேலைக்கான கூலி குறைந்திருப்பது உண்மை. மொழிபெயர்ப்பில் மெஷின் செய்ததைத் திருத்தும் வேலையே இப்போது அதிகம், அதற்கு முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். அதனால்தான் எதிரில் இருப்பவர் என்ன கேட்க மறந்தார் என்று பார்த்து எழுதுகிறவருக்குத் தேவை கூடியிருக்கிறது என்று அழுத்திச் சொல்கிறேன்.

என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்தவரின் மகள் இப்போது தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறாள். பி.காம். முடித்தவள், பக்கம் அமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் சிங்கப்பூர்க்காரர் ஒருவருடைய வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் காட்டினாள். முதல் பத்தி முழுக்கக் கல்லூரி, மதிப்பெண், ஆர்வம். "அவர் அனுப்பிய ஃபைலைப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "பாத்தேன் மாமா. பதினோராம் பக்கத்துல இருக்கற போன் நம்பர் கடைசிப் பக்கத்துல வேற மாதிரி இருக்கு. அதை எல்லாம் போய் எழுதுவாங்களா?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே முதல் பத்தியை அழித்தாள். பதினோராம் பக்கத்தில் இந்த எண், கடைசிப் பக்கத்தில் இந்த எண், எது சரி என்று எழுதினாள். அனுப்பும்போது மணி 6.40. அங்கே ராத்திரி 9.10. இன்றைக்குப் பதில் வராது என்று டீ போட எழுந்தேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, பதினொண்ணுதான் சரியாம். இன்னும் வேற எங்கயாவது இருக்கான்னு கேக்கறார்."

ஃபைலை முதல் பக்கத்திலிருந்து திறந்து வைத்திருந்தாள்.