லேசாகத் துடைத்த போர்டு

"அண்ணா, இது நோ-கிளீன் ஃப்ளக்ஸ்ங்க, துடைக்காம விட்டாத்தான் நல்லது" என்று எங்களிடம் வேலை பழகும் பெண் சொன்னாள். சர்க்யூட் போர்டில் சால்டர் (உருக்கி வைக்கும் ஈயப்பற்று) நன்றாக ஒட்டுவதற்காக இடுவதுதான் ஃப்ளக்ஸ். "வாங்குறவங்க கண்ணுக்குப் பிசுக்குத் தெரியக் கூடாதும்மா, லேசாத் துடைச்சு விடு" என்று நான் சொன்னேன். அரை நிமிடப் பேச்சு அது. ஒரு வருடம் ஆகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்படித் துடைத்த போர்டுகளின் தொகுதியில் நீர்மட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய், மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. விடியற்காலையில் தொட்டி காலியாக இருந்தாலும் நிரம்பிவிட்டதாகக் காட்டி மோட்டாரை ஓட விடுவதில்லை, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது என்றார்கள். சேலத்து வெயிலில், என் மேசையில், நாள் முழுக்க அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாலையில் ஏதோ தோன்றி, சென்சார் கம்பிகள் வந்து சேரும் இடத்தில் வாயால் ஊதினேன். தொட்டி நிரம்பியதற்கான சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, மூச்சின் ஈரம் காய்ந்ததும் அணைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது இரண்டு பின்களுக்கு நடுவே வெண்மையான பூச்சும், ஓரத்தில் நூலளவு பச்சையும் தெரிந்தன.

நோ-கிளீன் ஃப்ளக்ஸில் உள்ள மென்மையான அமிலங்கள் சால்டர் சூட்டில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிஞ்சியதை ரெசின் உறைபோல மூடிக்கொள்ளும். அதை அப்படியே விட வேண்டும், அல்லது அடியோடு கழுவ வேண்டும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்தால் ரெசின் கரைந்து உறை போய்விடும், அமிலமோ போர்டெங்கும் பரவிக் காயும். அதன் மேல் ஈரம் படிந்தால் மின்சாரம் கசியும். தொட்டித் தண்ணீர் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை உணர்வதுதான் இந்தச் சுற்றின் வேலை என்பதால், அந்தக் கசிவையும் அது தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், விடிய விடிய மூடுபனி இறங்கும் இடத்துக்கு அந்தப் போர்டை நான் அனுப்பியிருந்தேன்.

ஆனால் துடைத்ததுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பின்களுக்குக் கையால் மறுபடி சால்டர் வைத்து டச்-அப் செய்தபோது திரவ ஃப்ளக்ஸைக் கூடுதலாக விட்டதும் நான்தான். சால்டரிங் இரும்பின் சூடு படாத இடத்துக்கு வழிந்த ஃப்ளக்ஸ், துடைக்காமல் விட்டிருந்தாலும் இதே வேலையைச் செய்திருக்கும். புது ஐபிஏ-வில் இரண்டு முறை முழுக்கக் கழுவி, சூடான காற்றில் உலர்த்திய பிறகு எத்தனை முறை ஊதியும் விளக்கு எரியவில்லை. படிந்திருந்ததுதான் கோளாறு என்பது அதில் தெளிவானது. அது எப்படிப் படிந்தது என்பது தெளிவாகவில்லை. அவள் சொன்னதைக் கேட்டிருந்தாலும் பெட்டி திரும்பி வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலுக்காகத்தான் இப்படி நினைக்கிறேனோ என்ற சந்தேகமும் உடனே வந்துவிடுகிறது.

முதலாளி "யார் துடைச்சது?" என்று கேட்டபோது, "அசெம்பிளியில துடைச்சாங்க" என்றேன். அதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. அவள் நான்கடி தள்ளி, இரும்பின் முனையை ஸ்பாஞ்சில் துடைத்துக்கொண்டு நின்றாள்; நிமிரவில்லை. வேலை பழகும் பெண்ணை முதலாளி கடிந்துகொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவரும் கடிந்துகொள்ளவில்லை. ஆகவே அவளுக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்து, வாய் திறந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு அவள் எதைப் பற்றியும் என்னிடம் மறுத்துப் பேசியதில்லை.

அதே நாளில், அதே பிரஷால் துடைத்த மற்றப் பெட்டிகள் ஓமலூர், ஆத்தூர்ப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து குறை எதுவும் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து விசாரிக்க நினைத்தேன்; பில் புத்தகத்தை எடுத்து எண்களைத் தனித்தாளில் எழுதியும் வைத்தேன். அந்தத் தாள் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது.